லண்டனில் அரசுத் தரப்பு வழக்குகளுக்கு ஒரு பாரிஸ்டர் எப்படி விண்ணப்பிப்பது?

நீங்கள் நான்கு வரிதான் எழுதியிருந்தீர்கள். லண்டனில் ஒரு சேம்பரில், அதாவது பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகத்தில், மூன்று ஆண்டுகளாக பாரிஸ்டராக, நீதிமன்றத்தில் வாதாடும் வக்கீலாக இருக்கிறீர்கள். பெரும்பாலும் குடிவரவு, புகலிட வழக்குகள், நடுநடுவே வேலைவாய்ப்புத் தீர்ப்பாயம். அரசுத் தரப்பு வழக்குகள் வேண்டுமென்றால் எங்கே விண்ணப்பிப்பது, யாரைப் பார்க்க வேண்டும், இத்தனை நாளும் உள்துறை அமைச்சுக்கு எதிராகவே நின்றவனை எடுப்பார்களா என்று கேட்டிருந்தீர்கள். சென்னையில் வழக்கறிஞராக இருக்கும் உங்கள் மாமா, ஆள் இல்லாமல் அரசு வக்கீல் ஆக முடியாது என்று சொன்னதாகக் கடைசியில் ஒரு வரி. அந்த வரியைப் படித்த பிறகுதான் உங்கள் கேள்வி எனக்கு முழுதாகப் புரிந்தது. படிவம் எங்கே கிடைக்கும் என்பதை நீங்களே ஐந்து நிமிடத்தில் தேடிக் கண்டுபிடித்துவிடுவீர்கள். இந்தக் கதவு நம்மைப் போன்றவர்களுக்குத் திறக்குமா, திறந்தால் உள்ளே போவது சரிதானா என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. நான் சிவில் பக்கம் வழக்காடுகிறவன். அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரலின் பேனலில், அதாவது அரசு வழக்குகளுக்கான பாரிஸ்டர் பட்டியலில், முதலில் சி-யில் இருந்து, பிறகு பி-க்குப் போனவன். எங்கள் சேம்பரில் இளையவர்கள் விண்ணப்பிக்கும்போது படிவங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பது பல வருடமாக என் வேலையாகிவிட்டது. ஆனால் தேர்வுக் குழுவில் நான் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. அவர்கள் மதிப்பெண் போடும்போது என்ன பேசிக்கொள்வார்கள் என்று நான் சொன்னால் அது என் ஊகம், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குற்றவியல் பக்கம் எனக்கு நண்பர்கள் வழியாகத் தெரிந்ததுதான்.

மாமா சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அவர் தன் ஊர் அனுபவத்தைச் சொல்கிறார், அதில் பிழை இல்லை. தமிழ்நாட்டில் ஆட்சி மாறினால் அட்வகேட் ஜெனரல் மாறுவார், அவரோடு உயர் நீதிமன்றத்து அரசு வழக்கறிஞர்களில் பெரும்பாலோரும் மாறுவார்கள். பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமே 2016-இல் இதைக் கண்டித்து, அரசு வழக்கறிஞர் நியமனம் நியாயமாகவும் வெளிப்படையாகவும் இருக்க வேண்டும் என்று சொல்ல வேண்டி வந்தது. இங்கிலாந்தில் அமைப்பே வேறு. இங்கும் அட்டர்னி ஜெனரல் ஓர் அரசியல்வாதிதான். அமைச்சரவைக் கூட்டத்துக்குப் போகிறவர்தான். பேனல் பட்டியலுக்கு இறுதி ஒப்புதல் கொடுப்பதும் அவர்தான். ஆனால் பட்டியலில் இருக்கும் பாரிஸ்டர்கள் அரசு ஊழியர்கள் இல்லை. அவரவர் சேம்பரில் சுயதொழில் செய்கிறவர்கள், ஐந்து ஆண்டுக்கு நியமிக்கப்பட்டவர்கள். 2024 ஜூலையில் பதினான்கு ஆண்டு கன்சர்வேட்டிவ் ஆட்சி போய் லேபர் வந்தது. அட்டர்னி ஜெனரல் மாறினார். பேனலில் இருந்த நாங்கள் மறுநாள் காலை அதே கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அதே நீதிமன்றத்துக்குப் போனோம்.

எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அரசின் முதன்மை சிவில் வழக்கறிஞரை இங்கே ட்ரெஷரி டெவில் என்று அழைப்பார்கள். அதிகாரபூர்வப் பெயர் ஃபர்ஸ்ட் ட்ரெஷரி கவுன்சல். 'டெவில்' என்பது பெரிய வக்கீலுக்காகப் பின்னால் இருந்து வேலை செய்யும் இளையவரைக் குறிக்கும், பாரிஸ்டர்கள் வட்டாரத்துப் பழைய சொல். அந்தப் பதவிக்குப் பல தலைமுறைகளாக விளம்பரமே கிடையாது. தெரிந்தவர்கள் கூடிப் பேசி ஒருவரைக் கூப்பிடுவார்கள். அதில் உட்கார்ந்தவர்கள் எங்கே போனார்கள் என்று பாருங்கள். 1970-களில் இருந்த ஹாரி வுல்ஃப் பின்னால் இங்கிலாந்தின் தலைமை நீதிபதியானார். 1997-இல் வந்த பிலிப் சேல்ஸ் 2019-இல் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். இவ்வளவு பெரிய படிக்கட்டின் முதல் படி நாலு பேருக்கு மட்டும் தெரிந்த இடத்தில் இருக்கலாமா என்று பெண் பாரிஸ்டர்கள் உட்படப் பலரும் கேட்டுக் கேட்டுத்தான் இன்று எல்லாம் விளம்பரத்துக்கும் போட்டிக்கும் வந்திருக்கிறது. உங்கள் மாமாவின் சந்தேகம் இந்த ஊருக்கும் ஒருகாலத்தில் பொருந்தியதுதான். இன்றைக்குப் பொருந்தாது.

சரி, இப்போது அமைப்பு. அரசுத் துறைகளின் சிவில் வழக்குகளைப் பெரும்பாலும் நடத்துவது கவர்ன்மென்ட் லீகல் டிபார்ட்மென்ட், ஜி.எல்.டி. என்போம். 2015 ஏப்ரல் வரை அதன் பெயர் ட்ரெஷரி சொலிசிட்டர்ஸ் டிபார்ட்மென்ட். இதன் வக்கீல்கள் சொலிசிட்டர் வேலையை, அதாவது கட்சிக்காரரோடு பேசி வழக்கைத் தயாரிக்கும் வேலையைச் செய்வார்கள். நீதிமன்றத்தில் பேசவும், கருத்துரை எழுதவும், பதில் மனு வரையவும் வெளியே உள்ள பாரிஸ்டரைக் கூப்பிடுவார்கள். யாரைக் கூப்பிடலாம் என்பதற்கான பட்டியல்தான் அட்டர்னி ஜெனரலின் பேனல். லண்டனுக்கு ஏ, பி, சி என்று மூன்று, லண்டனுக்கு வெளியே வட்டாரப் பேனல், சர்வதேசச் சட்டத்துக்குத் தனியாக ஒன்று. மொத்தம் சில நூறு பேர். சி என்பது நுழைவாயில்: குறைந்தது இரண்டு ஆண்டு வழக்காடிய அனுபவம் எதிர்பார்ப்பார்கள். பி ஏறக்குறைய ஐந்திலிருந்து பத்து ஆண்டுக்காரர்களுக்கு. ஏ அதற்கு மேல், கடினமான வழக்குகளுக்கு. சி-யிலிருந்து பி-க்குத் தானாக ஏற்றிவிட மாட்டார்கள். மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். கே.சி. (கிங்ஸ் கவுன்சல்) என்ற மூத்த வக்கீல் பட்டம் பெற்றுவிட்டால் இந்தப் பேனல்களில் இருக்க முடியாது. ஒரு துறைக்கு கே.சி. வேண்டுமென்றால் அதற்குத் தனியாக அனுமதி வாங்க வேண்டும். பேனலுக்கு வெளியே உள்ள ஜூனியரை (கே.சி. ஆகாத பாரிஸ்டரை) அமர்த்துவதற்கும் துறைகள் அனுமதி கேட்டாக வேண்டும். அதனால்தான் பட்டியலில் பெயர் இருப்பது இவ்வளவு முக்கியம். நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை பெற்ற சொலிசிட்டர்களும் விண்ணப்பிக்கலாம், அது பலருக்குத் தெரிவதில்லை.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கட்டணம் மணிக்கணக்கில். 2010-களில் நெடுங்காலம் ஏ-க்கு மணிக்கு 120 பவுண்டு, பி-க்கு 100, சி-யில் அனுபவத்தைப் பொறுத்து 60 அல்லது 80 என்றே இருந்தது. இப்போதைய தொகையை நீங்கள் விண்ணப்பிக்கும் சுற்றின் அறிவிப்பில் பாருங்கள். வணிகச் சட்டம் பார்க்கும் நண்பர்களோடு ஒப்பிட்டால் குறைவுதான். ஆனால் பணம் ஒழுங்காக வந்து சேரும். குடிவரவு வழக்காடுகிற உங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சிவில் பேனல் ஒன்றுதான் வழி என்று நினைத்துவிடாதீர்கள். குற்றவழக்குகளில் அரசுத் தரப்பில் நிற்க விரும்பினால் கிரவுன் ப்ராசிக்யூஷன் சர்வீசுக்குத் தனி பேனல் உண்டு, ஒன்றிலிருந்து நான்கு வரை தரம், நான்கு உயர்ந்தது. பாலியல் வன்முறை, தீவிரவாதம், மோசடி, குற்றம் சாட்டப்பட்டவரை வேறு நாட்டிடம் ஒப்படைப்பது போன்றவற்றுக்குச் சிறப்புப் பட்டியல்களும் உண்டு. சீரியஸ் ஃப்ராட் ஆபீஸ், சமத்துவ ஆணையம், வேல்ஸ் அரசு எல்லாம் தங்களுக்கென்று பட்டியல் வைத்திருக்கின்றன. தொழிற்கூடப் பாதுகாப்பு, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கும் ஒன்று இருக்கிறது. ஸ்காட்லாந்தும் வட அயர்லாந்தும் முற்றிலும் வேறு ஏற்பாடு. உங்கள் அனுபவத்தைப் பார்த்தால் நீங்கள் குறி வைக்க வேண்டியது சிவில் சி பேனல்தான்.

மூன்று ஆண்டு ஆகிவிட்டதால் காலக்கணக்கில் தகுதி வந்துவிட்டது. ஆனால் குறைந்தபட்சத் தகுதி வந்த உடனே போடும் விண்ணப்பம் பெரும்பாலும் மெலிந்துதான் இருக்கும் என்பது நான் கண்டது. கையில் சரக்கு போதாது என்று தோன்றினால் ஜூனியர் ஜூனியர் திட்டம் இருக்கிறதா என்று, சேம்பரில் உங்கள் வழக்குகளையும் நாட்காட்டியையும் கவனிக்கும் கிளார்க்கிடம் கேளுங்கள். பேனலில் இன்னும் சேராத இளம் பாரிஸ்டர்களை ஜி.எல்.டி. இந்த வழியில் எடுத்துக்கொள்ளும். பொது விசாரணைகளுக்காக ஆவணங்களைப் படித்துப் பிரிப்பது, பெரிய வழக்கில் பேனல் கவுன்சலுக்கு (பேனலில் உள்ள பாரிஸ்டருக்கு) துணையாக இருப்பது மாதிரியான வேலைகள். வாரக்கணக்கில் திரையைப் பார்த்து மின்னஞ்சல்களைப் படிக்க வேண்டியிருக்கும், பேசும் வாய்ப்பு குறைவு. ஆனால் ஓர் அமைச்சகம் எப்படி முடிவெடுக்கிறது, கோப்பில் எந்தத் தாள் எங்கே இருக்கும் என்பது உங்களுக்கு உள்ளிருந்தே புரிந்துவிடும். அந்த அறிவு வேறெங்கும் கிடைக்காது.

இனி படிவம். முக்கால்வாசிப் பேர் தோற்பது இங்கேதான், அதனால் இங்கே கொஞ்சம் உட்கார்ந்து பேசுகிறேன். விண்ணப்பச் சுற்று குறிப்பிட்ட காலத்தில்தான் திறக்கும், சில வாரங்களில் மூடிவிடும். அறிவிப்பு அரசு இணையதளத்தில் வரும். அறிவிப்பைப் பார்த்த பிறகு எழுத உட்கார்ந்தால் தாமதம். தேர்வு தாளின் மேல்தான் நடக்கிறது. உங்கள் குரலை யாரும் கேட்கப்போவதில்லை, நீங்கள் குறுக்கு விசாரணை செய்யும் அழகை யாரும் பார்க்கப்போவதில்லை. நூற்றுக்கணக்கான படிவங்களைப் படிக்கும் அரசு வக்கீல்களுக்கும் மூத்த பாரிஸ்டர்களுக்கும் முன்னால் உங்கள் எழுத்து மட்டும்தான் போய் நிற்கும். வாதத்திறன், சட்ட அலசல், எழுத்து வரைவு, நிதானமான தீர்மானம், கட்சிக்காரரோடும் சக வக்கீல்களோடும் வேலை செய்யும் பாங்கு, இவற்றுக்கெல்லாம் சான்று கேட்பார்கள். சான்று என்ற சொல்லைக் கவனியுங்கள். 'எனக்குச் சிறந்த வாதத்திறன் உண்டு' என்பது சான்று ஆகாது.

என் முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ரொம்ப நாள் அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போன இரண்டு பெரிய வழக்குகளை எழுதியிருந்தேன். இரண்டிலும் நான் இரண்டாவது ஜூனியர். நிராகரிப்பு வந்த வாரம் சேம்பரில் ஒரு மூத்தவர் என் படிவத்தை வாங்கிப் பென்சிலோடு உட்கார்ந்தார். 'நாங்கள்' என்று நான் எழுதிய இடத்தையெல்லாம் ஒவ்வொன்றாக வட்டம் போட்டார். ஒரு பக்கத்தில் மட்டும் பதினொரு வட்டம். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, "இதில் நீ எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டார். அந்த இரண்டு வழக்கிலும் நான் செய்தது முன்தீர்ப்புகளைத் தேடிக் கொடுத்ததும் காலவரிசை தயாரித்ததும்தான். அதே ஆண்டில், கிழக்கு லண்டனில் ஒரு கவுன்டி கோர்ட்டில், எதிர்த்தரப்பு சாட்சியின் வாக்குமூலத்தில் தேதி ஒன்று பொருந்தவில்லை என்பதை முதல்நாள் இரவு கண்டுபிடித்து, மறுநாள் நான்கே கேள்வியில் வழக்கை முடித்திருந்தேன். அதைச் சின்ன வழக்கு என்று விட்டுவிட்டேன். இரண்டாவது முறை அதைத்தான் முதலில் எழுதினேன்.

ஆகவே வழக்கின் அளவைப் பார்க்காதீர்கள். அதில் உங்கள் கை எங்கே பட்டது என்று பாருங்கள். என்ன சிக்கல், மற்றவர்கள் அதை எப்படிப் பார்த்தார்கள், நீங்கள் என்ன முடிவெடுத்தீர்கள், ஏன், என்ன ஆயிற்று. இந்த வரிசையில் சுருக்கமாக எழுதுங்கள். தோற்ற வழக்கையும் எழுதலாம். தோற்கும் என்று முன்கூட்டியே கட்சிக்காரரிடம் எழுத்தில் சொல்லி, செலவைக் குறைத்து, சமரசத்துக்குக் கொண்டுவந்த வழக்கு இருந்தால் அதைக் கட்டாயம் எழுதுங்கள். பேனல் கவுன்சலிடம் அரசு எதிர்பார்ப்பதில் முதலில் நிற்பது இதுதான் என்று நான் நினைக்கிறேன்: 'இந்த வழக்கு நிற்காது, விட்டுக்கொடுங்கள்' என்று ஒரு துறையிடம் நேராகச் சொல்லும் துணிவு. கட்சிக்காரர் பெயர், ஊர், அடையாளம் எதுவும் படிவத்தில் வேண்டாம். புகலிட வழக்கு என்றால் இன்னும் கவனம். நாடு, ஆண்டு, தழும்பு இருக்கும் இடம் மூன்றையும் சேர்த்து எழுதினாலே நம் சமூகத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பரிந்துரையாளர்கள் விஷயத்தில் நம்மவர்கள் அடிக்கடி தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். பெரிய பெயர் வேண்டும் என்று, ஒரே ஒருமுறை விருந்தில் பார்த்த ஒருவரிடம் போய் நிற்பார்கள். அவர் மரியாதைக்கு இரண்டு வரி எழுதிக் கொடுப்பார். படிக்கிறவருக்கு அந்த இரண்டு வரியிலேயே எல்லாம் தெரிந்துவிடும். உங்கள் வேலையை அருகிலிருந்து பார்த்தவரைக் கேளுங்கள். உங்கள் முன்னால் பலமுறை உட்கார்ந்த தீர்ப்பாய நீதிபதி, உங்களுக்குத் தொடர்ந்து வழக்கு அனுப்பும் சொலிசிட்டர், உங்களை எதிர்த்து வாதாடிய பாரிஸ்டர். எதிர்த்தரப்பில் நின்றவரிடம் கேட்பது நமக்குக் கூச்சமாக இருக்கும். ஆனால் கடுமையாக மோதினாலும் நேர்மையாக நடந்துகொண்டார் என்று எதிர்த்தரப்பு வக்கீல் ஒருவர் எழுதினால் அதற்கு ஈடு எதுவும் இல்லை. படிவத்தில் பெயரைப் போடுவதற்கு முன் அனுமதி கேளுங்கள், எந்தெந்த வழக்கைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள் என்று நினைவூட்டி ஒரு பக்கம் அனுப்பி வையுங்கள்.

சேம்பரின் பெயர் எடுபடுமா என்பது உங்கள் வரிகளுக்கிடையே இருந்த கேள்வி. இதில் உறுதியாகச் சொல்ல என்னால் முடியாது. பெயருக்காக மதிப்பெண் போடுகிறார்கள் என்று நான் நம்பவில்லை. ஆனால் ஏற்கெனவே பத்துப் பேர் பேனலில் இருக்கும் சேம்பரில் உங்கள் வரைவைப் படிக்க பத்துப் பேர் இருப்பார்கள். கிளார்க்குக்குச் சுற்று எப்போது திறக்கும் என்று தெரிந்திருக்கும். பழைய வெற்றிப் படிவம் ஒன்று யார் மேசையிலாவது இருக்கும். சின்ன சேம்பரில் இருப்பவருக்கு இது எதுவும் இருக்காது. இந்த இடைவெளி உண்மையானது, அதை யாரும் இல்லையென்று சொல்ல வேண்டாம். உங்கள் இன் (பாரிஸ்டர்கள் சேர்ந்திருக்கும் பழைய சங்கம்) வழியாகவோ, மற்ற பாரிஸ்டர் சங்கங்கள் வழியாகவோ, முன்பின் தெரியாத பேனல் உறுப்பினர் ஒருவருக்கு மின்னஞ்சல் எழுதியோ இதை ஈடுகட்டலாம். நான் கேட்ட யாரும் எனக்கு முடியாது என்று சொன்னதில்லை.

உள்துறைக்கு எதிராக நின்றது குறையா? நிச்சயமாக இல்லை. அரசுக்கு எதிரான ஜூடிஷியல் ரிவ்யூ மனுக்களை, அதாவது அரசின் முடிவு சட்டப்படி சரிதானா என்று நீதிமன்றத்தைப் பார்க்கச் சொல்லும் மனுக்களை வரைந்தவருக்கு, அரசின் முடிவு எங்கே பலவீனமாக இருக்கும் என்று தெரியும். பேனலில் இருக்கும் பலர் இரண்டு பக்கமும் வழக்காடுகிறவர்கள்தான். ட்ரெஷரி டெவில் அரசுக்கு எதிராக வழக்கு எடுக்க மாட்டார். சி பேனலில் இருப்பவருக்கு அப்படி முழுத் தடை கிடையாது. ஆனால் நீங்கள் அரசுத் தரப்பில் ஆலோசனை சொன்ன அதே விவகாரத்தில், அல்லது அங்கே ரகசியமாகத் தெரிந்துகொண்டது உதவக்கூடிய வழக்கில், மறுபக்கம் போக முடியாது. சந்தேகம் வந்தால் வழக்கை எடுப்பதற்கு முன் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும். ஒரே வாரத்தில் ஒரு கொள்கைக்கு ஆதரவாகவும் எதிராகவும் நிற்கும்படி நாட்காட்டி அமைந்துவிடாமல் கிளார்க்கோடு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புச் சோதனை இருக்கும். அடிப்படைச் சோதனையில் அடையாளம், இந்த நாட்டில் வேலை செய்யும் உரிமை, கடந்த மூன்று ஆண்டு வேலை விவரம், சட்டப்படி இன்னும் காலாவதியாகாத குற்றத் தண்டனை ஏதாவது உண்டா என்பது பார்ப்பார்கள். தேசப் பாதுகாப்பு வழக்குகளுக்கு மேல் மட்டச் சோதனைகள் தனி; அவற்றில் எவ்வளவு காலம் இங்கே வசித்தீர்கள் என்பதும் வரும். இலங்கையில் உறவினர் இருப்பதால் விண்ணப்பிக்கவே யோசித்தவர்கள் எனக்குத் தெரியும். எனக்கும் அங்கே பாதிக் குடும்பம் இருக்கிறது. கேட்டதற்கு மறைக்காமல் பதில் எழுதினேன், அதோடு முடிந்தது.

பேனலில் பெயர் வந்துவிட்டால் மறுநாளே வேலை கொட்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். இத்தனை வழக்கு தருவோம் என்று அவர்கள் உறுதி எதுவும் கொடுப்பதில்லை. ஜி.எல்.டி. வக்கீல்கள் தங்களுக்குத் தெரிந்தவரையே முதலில் கூப்பிடுவார்கள். முதல் வேலை பெரும்பாலும் ஒரு ஜூடிஷியல் ரிவ்யூ மனுவுக்குச் சுருக்கப் பதில் வரைவதாக இருக்கும். மனு வந்து சேர்ந்ததிலிருந்து 21 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். கோப்பு துறையில் சுற்றி, வக்கீலிடம் வந்து, உங்களிடம் வரும்போது அதில் நான்கைந்து நாள் மிச்சமிருந்தால் அதிர்ஷ்டம். நேரத்துக்கு, தெளிவாக, தேவையான அளவுக்கு மட்டும் எழுதிக் கொடுத்தால் அடுத்த கோப்பு வரும். எனக்கு முதல் ஆறு மாதத்தில் இரண்டே வேலைதான் வந்தது.

கடைசியாக, நீங்கள் நேராகக் கேட்காத கேள்வி. நம் மக்களுக்காக நின்ற ஒருவர் எதிர்ப்பக்கம் போய் நிற்கலாமா? இதற்கு லேசாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1987 டிசம்பரில், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஆறு தமிழர்களின் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சிவகுமாரன் வழக்கு என்று எல்லோரும் படித்திருப்பீர்கள். புகலிடம் கேட்பவரின் அச்சத்துக்கு வெளிப்புறமாகப் பார்த்தாலும் அடிப்படை இருக்க வேண்டும் என்று சொல்லி, உள்துறை அமைச்சருக்குச் சாதகமாகத் தீர்த்தார்கள். 1988 பிப்ரவரியில் அவர்களில் ஐவர் இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அங்கே சிலர் மறுபடி பிடிக்கப்பட்டு வதைபட்டார்கள். 1989-இல் இங்கே மேல்முறையீட்டை விசாரித்த அதிகாரி, அவர்களுடைய அச்சம் நியாயமானதுதான் என்று சொல்லி அவர்களைத் திரும்ப அழைக்கச் செய்தார். அரசுத் தரப்பு வெல்லும்போது என்ன ஆகக்கூடும் என்பதற்கு நம் சமூகத்தின் நினைவிலேயே சான்று இருக்கிறது. அதை மறந்துவிட்டு யாரும் உள்ளே போகக் கூடாது என்றுதான் நினைக்கிறேன்.

ஆனாலும் நான் உள்ளே போனேன். காரணம் சொல்கிறேன். ஜூடிஷியல் ரிவ்யூவில் அரசுக்கு ஒரு தனிக் கடமை உண்டு: தனக்குப் பாதகமான ஆவணத்தையும் மறைக்காமல் நீதிமன்றத்தின் முன் வைக்க வேண்டும். சீட்டை முகம் தெரிய மேசைமேல் வைக்க வேண்டும் என்று 1986-இல் ஹடில்ஸ்டன் வழக்கில் நீதிபதி டொனால்ட்சன் சொன்னது இன்றும் எல்லா வாதங்களிலும் வரும். அந்தக் கடமையை நிறைவேற்றுவது கடைசியில் கோப்பைக் கையில் வைத்திருக்கும் பாரிஸ்டர்தான்.

விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். தடுப்பு மையத்தில் வைக்கப்பட்டிருந்த ஒருவரின் வழக்கு, நான் அரசுத் தரப்பு. சித்திரவதை பற்றிய மருத்துவர் அறிக்கை இன்ன தேதியில்தான் துறைக்கு வந்தது என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். பதிலையும் அப்படியே வரைந்திருந்தேன். விசாரணைக்கு முதல்நாள் இரவு பதினோரு மணிக்குக் கோப்பை மறுபடி புரட்டும்போது, வேறொரு கடிதத்தின் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ஃபேக்ஸ் தாள் கிடைத்தது. அதே அறிக்கை, ஐந்து வாரம் முந்தைய முத்திரையோடு. மேல் ஓரத்தில் நேரம்கூட அச்சாகியிருந்தது. காலை ஏழு மணிக்கு ஜி.எல்.டி. வக்கீலைக் கூப்பிட்டேன். அவர் ஒரு நிமிடம் பேசவில்லை. பிறகு, "அனுப்பிவிடுவோம்" என்றார். ஒன்பதரைக்கு எதிர்த்தரப்புக்குத் தாள் போய்விட்டது, மதியத்துக்குள் வழக்கு சமரசமானது, அன்று மாலையே அந்த மனிதர் வெளியே வந்தார். எதிர்ப்பக்கம் நின்றிருந்தால் அந்தத் தாள் இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது.

எல்லா வழக்கும் இப்படி முடியாது. சட்டப்படி சரியான, ஆனால் மனதுக்கு ஒப்பாத முடிவுகளை ஆதரித்துப் பேசிவிட்டு வீட்டுக்குப் போன நாட்களும் எனக்கு உண்டு. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கே.வி. என்ற இலங்கைத் தமிழரின் வழக்கில் தீர்ப்பளித்து, தழும்புகளை அவரே சொல்லிப் போட வைத்துக்கொண்டார் என்ற சந்தேகத்தை வைத்து மருத்துவச் சான்றைத் தள்ளிய முறை தவறு என்று சொன்னபோது, நான் ஆதரித்துப் பேசிய சில பழைய முடிவுகள் நினைவுக்கு வந்தன. அன்று இரவு தூக்கம் வரவில்லை. இந்தப் பக்கம் வருகிறவருக்கு இதுவும் சேர்ந்துதான் வரும் என்று தெரிந்தே வாருங்கள். வர மனமில்லை என்றால் அதுவும் முழுக்க மதிக்கத்தக்க முடிவுதான். தமிழர்களின் வழக்குகளுக்கு நல்ல பாரிஸ்டர்கள் தொடர்ந்து தேவைப்படுகிறார்கள்.

விண்ணப்பிப்பது என்று முடிவு செய்தால், இந்த வாரமே ஒரு நோட்டு வாங்கி, மூன்று ஆண்டில் நீங்கள் தனியாக நடத்திய வழக்குகளைத் தேதிவாரியாக எழுதத் தொடங்குங்கள்: நீதிபதி யார், எதிரே நின்றவர் யார், நீங்கள் எடுத்த ஒரு முடிவு என்ன. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரி போதும். அடுத்த சுற்று எப்போது என்று கிளார்க்கிடம் கேட்டு வையுங்கள். படிவம் வரைந்ததும் கட்சிக்காரர் பெயர்களை எடுத்துவிட்டு எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். பென்சிலோடு படித்துத் தருகிறேன்.